அம்மாவின் கட்டில் எங்கே?

கேள்வி: காட்பாடியில் வசிக்கிறேன். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இரவில் நானே மென்பொருள் எழுதிப் பழகுகிறேன். பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, குடும்பப் படங்கள், வீட்டுச் செலவு, மாடித் தொட்டியின் தண்ணீர் அளவு எல்லாவற்றையும் இரவு பகலாக அதில் ஓடவிட்டிருக்கிறேன். சூடாகாமல் இருக்க அதை ஏசி உள்ள பின்னறையில் வைத்திருக்கிறேன். 71 வயதான அம்மா இப்போது கூடத்தில் படுத்துக்கொள்கிறார். மனைவி இதை வெட்டி வேலை என்கிறாள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: மனைவி இருக்கட்டும், தம்பி. “படுத்துக்கொள்கிறார்” என்று எழுதியிருக்கிறீர்களே, அவராக விரும்பிப் போனதுபோல! கட்டிலைத் தூக்கி வெளியே போட்டது யார்?

வேலூர் வெயில் எனக்குத் தெரியும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். பகலெல்லாம் சூடேறிய பாறை மலைகள் இரவில் அனலைக் கக்கும். வயது ஏற ஏற வியர்ப்பது குறையும், தாகமும் மங்கும். உடம்பு கொதிப்பது அவருக்கே தெரியாமல் போகலாம். உங்கள் கணினிக்கு அந்த ஆபத்து இல்லை. அதன் சிப் 90, 100 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். நிரல் எழுதுகிற உங்களுக்கு இது தெரியாதா? தெரிந்தும் சூடு தாங்கும் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, தாங்காத தாயை வெளியே அனுப்பியிருக்கிறீர்கள்.

உங்கள் ஆர்வத்தை நான் பழிக்கவில்லை. அந்த லினக்ஸே 1991இல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான். நாளெல்லாம் கணக்கு எழுதிவிட்டு வந்து, தொட்டித் தண்ணீரை அளக்கத் தானே நிரல் எழுதுகிற மனிதரை மதிக்கிறேன். பெற்றவள் படுத்த இடத்தைப் பிடுங்கி வளர்க்கிற கலை எதையும் மதிக்கமாட்டேன்.

மின் கணக்கையும் பாருங்கள். 100 வாட் இழுக்கும் கணினி இடைவிடாமல் ஓடினால் நாளுக்கு 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144. அரசு தரும் இலவச 100 யூனிட்டை அது ஒன்றே தின்றுவிடும். ஏசி செலவு தனி. உங்கள் செலவு மென்பொருளில் இந்த வரி இருக்கிறதா? இந்த வேலைகளுக்கெல்லாம் ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினிப் பலகையும், படங்களுக்கு ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கும் போதும். சில வாட் மின்சாரத்தில் ஓடும். கூடத்து அலமாரியில் ஒரு தட்டு போதும்.

அதை வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவே கணினியை அணைத்துவிட்டுக் கட்டிலை உள்ளே போடுங்கள். “வேண்டாம் அப்பா, எனக்கு இங்கேயே சௌகரியம்தான்” என்பார் அம்மா. நம்பாதீர்கள். கட்டிலின் மறுமுனையைப் பிடிக்க உங்கள் மனைவியைக் கூப்பிடுங்கள்.