இழையை மொத்தமாக உருவாதீர்கள்

வணக்கம். எனக்கு 41 வயது. சொந்த ஊர் தேவகோட்டை, தொழில் சென்னையில். ஊர் வீடு பூட்டியே கிடக்கிறது. ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, ஆனால் காலையில் எதற்காக எழுந்திருக்கிறேன் என்று தெரியவில்லை. கீதையில் தொடங்கவா, திருவாசகத்திலா? தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்தால் மனம் மாறுமா? எங்கள் நகரத்தார் வழக்கப்படி பிள்ளையார் நோன்புக்கு வருஷம் தவறாமல் இழை எடுத்துக்கொள்கிறோம்; புது வேட்டியிலிருந்து உருவிய நூலைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போடுவதுதான் இழை (நேரமில்லாததால் 21 நூலையும் அன்றைக்கே உருவிவிடுவோம்). உள்ளே ஒன்றும் அசைவதில்லை.

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அந்த வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக மனதில் கிடந்த விஷயம் அது. எந்த நூல் முதலில் என்பதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. கைக்கு எட்டியதை எடுத்துப் படியுங்கள். பழநி நடை பிறகு.

இருபத்தொன்றையும் ஒரே காலையில் உருவினால் அது திரி, அவ்வளவுதான். திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒன்றாக எடுத்தால்தான் நோன்பு. மார்கழியில் சஷ்டி திதியும் சதய நட்சத்திரமும் கூடுகிற நாளில் அது முடியும். நடுக்கடலில் புயலில் சிக்கிய வணிகர்கள் நாளுக்கொரு நூலாக எடுத்து வைத்து வேண்டியதாகச் சொல்வார்கள். கரை தெரியாத ஆட்கள், தம்பி! லாபம் கண்ட கையோடு தொடங்கிய நோன்பு இல்லை இது.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்கிற நம் நகரத்தார் சமூகத்தின் செல்வத்தைப் பாருங்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில், பர்மாவில் விவசாயிகளுக்குக் கொடுத்த கடன் திரும்பாமல், கீழ்ப்பர்மா விளைநிலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. 1942-இல் ஜப்பான் படை நுழைந்ததும் எத்தனையோ குடும்பங்கள் அதை விட்டுவிட்டு ஊர் திரும்பின. நிலம் போயிற்று. நூல் எடுக்கிற வழக்கம் கூடவே வந்தது. அதையா நேரமில்லை என்று சுருக்குகிறீர்கள்?

பருத்தியில் கோடி வேட்டியாக, அதாவது நனைக்காத புது வேட்டியாக வாங்குங்கள். பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம். எரியும்போது உருகிச் சொட்டும், வாயில் போடுகிற பொருள் அது. கோடியில் கஞ்சி இருப்பதால் நூல் ஒட்டிக்கொண்டு வரும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். தலைப்பு ஓரத்தில் நுனியைப் பிடித்து, துணியை மெல்லச் சுருக்கிக்கொண்டே போங்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. கடைசி நாள் 21-ஐயும் சேர்த்து முறுக்கி, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை துண்டாக்குங்கள். பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து பிடிக்கும்போது நெய் கூடினால் மாவு இளகித் திரி சாயும், வாய்க்கு வருமுன் அணையும். சிறு நெல்லிக்காய் அளவு போதும். பெரிதாகப் பிடித்தால் சுடரோடு ஒரே வாயில் போட முடியாது.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ சலித்துப்போகும், எதற்கு இது என்று இருக்கும். அன்றைக்கும் எடுக்க வேண்டும். உள்ளே அசைந்ததா என்று தினமும் தொட்டுப் பார்க்காதீர்கள். விதைத்த மண்ணை யாராவது கிளறிக்கொண்டே இருப்பார்களா? காலையில் எதற்கு எழுவது என்றீர்களே, 21 நாளைக்கு இந்த ஒரு நூலுக்காக எழுந்திருங்கள். வெளியூர் போனால் வேட்டியும் பெட்டியில் வரட்டும்.

ஊர் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது? கார்த்திகைக்கு முன்பே வாங்கி வையுங்கள். முற்றத்தைப் பெருக்கவே இரண்டு நாள் ஆகும். கடைசி நாள் இழையை அங்கே எடுத்துக்கொள்ளுங்கள்.