விறைப்புக் குறைபாட்டுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஆபத்தில்லாமல் எப்படி எடுத்துக்கொள்வது?

கேள்வியின் சுருக்கம்: வயது 52. பிரஷருக்கு மாத்திரை உண்டு. டாக்டர் சில்டெனாஃபில் 50 மி.கி. எழுதித் தந்திருக்கிறார். இரண்டு முறை போட்டும் பலன் தெரியவில்லை. நூறாகப் போடலாமா? இதை மனைவியிடமும் மற்ற டாக்டர்களிடமும் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது அதுதான். ஆம், சொல்ல வேண்டும். சரியான ஆளுக்குச் சரியான அளவில் கொடுத்தால் இந்த மாத்திரை பெரிய ஆபத்தில்லாதது. ஆபத்து வருவது பெரும்பாலும் மறைப்பதால்தான். இதய டாக்டருக்கு இது தெரியாது, இதை எழுதியவருக்கு இதய மருந்து தெரியாது, நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் மனைவிக்கு இரண்டுமே தெரியாது. அங்கேதான் உயிர் போகிறது.

காரணம் புரிந்தால் மறக்காது. பாலுணர்வு தூண்டப்படும்போது ஆண்குறியின் நரம்புகளிலிருந்தும் ரத்தக்குழாய்ச் சுவரிலிருந்தும் நைட்ரிக் ஆக்ஸைடு வெளிவருகிறது. அது சுழல் ஜிஎம்பி என்ற பொருளைப் பெருக்க, குழாய்கள் தளர்ந்து ரத்தம் உள்ளே பாய்கிறது. பிடிஇ5 என்ற நொதி அந்தப் பொருளை உடைத்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். சில்டெனாஃபில், டடாலாஃபில், வர்டெனாஃபில், அவனாஃபில் நான்கும் இந்த நொதியைத் தடுப்பவை. நெஞ்சு வலிக்குக் கொடுக்கும் நைட்ரேட் மருந்துகளோ உடல் முழுவதும் நைட்ரிக் ஆக்ஸைடைக் கொட்டுகின்றன. ஒன்று தண்ணீரைத் திறந்துவிடுகிறது, இன்னொன்று வடிகாலை அடைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று சரியும். இதயத்துக்கும் மூளைக்கும் ரத்தம் போகாது.

எனவே உங்கள் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் எடுத்து வைத்து, பின்பக்கத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். நைட்ரோகிளிசரின் (நாக்குக்கு அடியில் வைப்பது, ஸ்பிரே, தோலில் ஒட்டும் பட்டை எதுவானாலும்), ஐசோசார்பைடு டைநைட்ரேட், ஐசோசார்பைடு மோனோநைட்ரேட், நிகோராண்டில் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த மாத்திரையைத் தொடக் கூடாது. "அவசரத்துக்கு மட்டும்தான், வாரத்துக்கு ஒரு தடவைகூட வைப்பதில்லை" என்பதும் கணக்கில் சேராது. அந்த அவசரம் உடலுறவின்போதே வரலாம். நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கான ரியோசிகுவாட்டோடும் இதே தடைதான். பாப்பர்ஸ் என்று முகரும் போதைத் திரவமும் நைட்ரைட் வகையே, அதே விளைவு.

உங்கள் பிரஷர் மாத்திரை அம்லோடிபின், டெல்மிசார்டன் போன்றதாக இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. அழுத்தம் இன்னும் சிறிது இறங்கும், அவ்வளவே. பிரசோசின், டாக்ஸோசோசின் போன்ற ஆல்பா தடுப்பான்கள் வேறு கதை. புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் டாம்சுலோசினும் இந்த வகைதான் என்பதால் அதையும் சொல்லிவிடுங்கள். சேர்த்துப் போட்டுவிட்டுப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருண்டு விழ வாய்ப்புண்டு. ஆல்பா தடுப்பான் உடலுக்குப் பழகிய பிறகே இதைத் தொடங்குவார்கள், அதுவும் 25 மி.கி.யில். வயது 65 தாண்டியவர்களுக்கும், கல்லீரல் கோளாறோ கடுமையான சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கும் தொடக்கம் 25தான். பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், பாக்டீரியாத் தொற்றுக்கான எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், எச்ஐவிக்கான ரிட்டோனாவிர் ஆகியவை இந்த மாத்திரை உடலில் சிதைவதைத் தடுக்கும். 50 போட்டால் அதைவிட எவ்வளவோ கூடுதலாகப் போட்டதுபோல ஆகும். கிரேப்ஃப்ரூட் சாறும் ஓரளவு அதே வேலையைச் செய்யும்.

இனி "பலன் தெரியவில்லை" என்பதற்கு வருவோம். இரண்டு முறையை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்ட முடியாது. சரியான முறையில், வெவ்வேறு நாட்களில், ஆறிலிருந்து எட்டு முறையாவது போட்டுப் பார்த்த பிறகே அந்தப் பேச்சு. தவறு பெரும்பாலும் நேரத்திலும் வயிற்றிலும் இருக்கும். சில்டெனாஃபிலை உடலுறவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். எண்ணெய், நெய் மிகுந்த உணவு சாப்பிட்டவுடன் போட்டால் மருந்து ரத்தத்தில் உச்சத்தைத் தொட இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகும், அந்த உச்சமும் 29 சதவீதம் வரை குறையும். விருந்து சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டு அரை மணியில் முயன்று, "ஒன்றும் ஆகவில்லை" என்று சோர்ந்துபோகிறவர்கள் நிறைய. வெறும் வயிற்றிலோ, எளிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ போட்டுப் பாருங்கள். டடாலாஃபிலுக்கு இந்த உணவுச் சிக்கல் இல்லை.

இன்னொன்று: மாத்திரை ஆசையை உண்டாக்காது. போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் எதுவும் நடக்காது. தொடுதலும் கிளர்ச்சியும் இருந்தால்தான் நைட்ரிக் ஆக்ஸைடு வரும். அது வந்தால்தான் மாத்திரைக்கு வேலை. பதற்றம் இதை நேரடியாகக் கெடுக்கிறது. மனைவிக்குத் தெரியாமல் குளியலறையில் விழுங்கிவிட்டு வருகிறவருக்கு அந்தப் பதற்றம் இரட்டிப்பு. அதனாலும் சொல்லிவிடுவது நல்லது என்பேன். மதுவும் விறைப்பைக் கெடுப்பதோடு அழுத்தத்தையும் இறக்கும். மாத்திரை போடும் நாளில் தவிர்ப்பதே மேல்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் போதவில்லை என்றால் டாக்டர் 100க்கு ஏற்றலாம். நீங்களாக ஏற்ற வேண்டாம். 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு மேல் கூடாது. முதல் மாத்திரை கேட்கவில்லை என்று அதே இரவில் இரண்டாவதைப் போடுவது மிகத் தவறு. இன்று சில்டெனாஃபில், போதாததற்கு டடாலாஃபில் என்று கலப்பதும் அப்படியே. டடாலாஃபிலின் விளைவு 36 மணி நேரம் வரை நீடிக்கும், ரத்தத்தில் பாதியாகக் குறையவே பதினேழரை மணி நேரம் ஆகும். தேவைக்கேற்பப் போடுபவர்களுக்கு வழக்கமான தொடக்கம் 10 மி.கி.; தினசரி முறை என்றால் 2.5 அல்லது 5 மி.கி. தினசரிக்கான அட்டையிலிருந்து நான்கைந்தை மொத்தமாக எடுத்துப் போடாதீர்கள்.

தலைவலி, முகச் சிவப்பு, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் வரலாம். சில மணி நேரத்தில் போய்விடும். சில்டெனாஃபிலில் பார்வை சற்று நீலமாகத் தெரியலாம், டடாலாஃபிலில் மறுநாள் முதுகும் தசைகளும் வலிக்கலாம். ஒரு கண்ணிலோ இரண்டிலுமோ பார்வை திடீரென்று போனாலும், காது திடீரென்று கேட்காமல் போனாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விறைப்பு நான்கு மணி நேரம் தாண்டியும் இறங்காவிட்டால் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இது அரிது, அரிவாள் செல் ரத்த நோய் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். உள்ளே தேங்கிய ரத்தத்தில் ஆக்ஸிஜன் தீர்ந்து திசு சாகத் தொடங்கும். தாமதித்தால் நிரந்தரமாக விறைப்பே வராமல் போகலாம். அங்கே ஊசியால் அந்த ரத்தத்தை எடுத்து, தேவைப்பட்டால் குழாயைச் சுருக்கும் மருந்தைச் செலுத்துவார்கள். வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருப்பதுதான் இதில் ஈடுகட்ட முடியாத இழப்பைத் தருகிறது.

உடலுறவின்போது நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்துங்கள், அவசர உதவியை அழையுங்கள். வீட்டில் யாருடைய நைட்ரேட் மாத்திரை இருந்தாலும் நாக்குக்கு அடியில் வைக்காதீர்கள். வருகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம்: "இந்த மாத்திரையை, இத்தனை மி.கி., இத்தனை மணிக்குப் போட்டேன்." சில்டெனாஃபில், வர்டெனாஃபில் என்றால் 24 மணி நேரமும், டடாலாஃபில் என்றால் 48 மணி நேரமும் நைட்ரேட்டைத் தவிர்ப்பார்கள், வேறு மருந்துகள் அவர்களிடம் உண்டு. இதை மனைவிக்கும் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் உங்களால் பேச முடியாமல் போகலாம்.

மருந்துச் சீட்டில்லாமல் வாங்கும் "மூலிகை வீரிய" பொடிகளையும் குளிகைகளையும் இதோடு சேர்க்காதீர்கள். அவற்றில் பலவற்றில் சில்டெனாஃபிலையே அளவு சொல்லாமல் கலந்திருப்பது சோதனைகளில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. விரைவில் விந்து வெளியேறுவதற்கான டபாக்ஸெடினும் சேர்ந்த கூட்டு மாத்திரையைக் கடையில் மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். அது மயக்கத்தைக் கூட்டும், மனச்சோர்வு மாத்திரைகளோடு மோதும்.

மாரடைப்போ பக்கவாதமோ வந்து ஆறு மாதம் ஆகாதவர்களும், ஓய்விலேயே நெஞ்சு வலிப்பவர்களும் முதலில் இதய டாக்டரின் அனுமதி பெற வேண்டும். மற்றவர்களும் இரண்டு மாடிப் படியைச் சற்று வேகமாக ஏறிப் பாருங்கள். நெஞ்சு இறுகினால் மாத்திரைக்கு முன் பரிசோதனை. ஆண்குறி ரத்தக்குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர், இதயக் குழாய் 3 முதல் 4. அடைப்பு முதலில் சிறிய குழாயில்தான் தெரியும் என்பதால் உங்கள் வயதில் விறைப்புக் குறைபாட்டை இதயத்தின் முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டு சர்க்கரை, கொழுப்பு, காலை நேர டெஸ்டோஸ்டிரோன் பார்த்துவிடுவது நியாயம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஒவ்வொரு தடவையும் போட்ட நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், விறைப்பு எவ்வளவு நின்றது, என்ன தொந்தரவு வந்தது என்று எழுதிக் கொண்டுபோங்கள். உங்கள் பிரஷர் மருந்து அட்டெனோலால் போன்ற பீட்டா தடுப்பானாகவோ, சிறுநீரைப் பெருக்கும் தயசைடு வகையாகவோ இருந்தால் குறைபாட்டுக்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல், மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மாத்திரையே ஒத்துவராதவர்களுக்கு வெற்றிடப் பம்பும், ஆண்குறியில் போடும் அல்ப்ரோஸ்டாடில் ஊசியும் இருக்கின்றன. நைட்ரேட் எடுப்பவர்களும் அவற்றைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.