ஊசி பேர் அம்மாவுக்குத்தான் தெரியும்: கேள்வி பதில்

இருபத்திரண்டு வருடம் வார்டிலும் கேஷுவாலிட்டியிலும் நின்ற ஸ்டாஃப் நர்ஸ் நான். வேலைக்காக முதல்முறை வீட்டை விட்டு வந்தவர்கள் ஆஸ்பத்திரி, மருந்து, இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நோயைச் சொல்லி மருந்து கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. அது உங்களை நேரில் பார்க்கும் டாக்டரின் வேலை.

சிஸ்டர், காய்ச்சலுக்கு கிளினிக் போனேன். "எதுக்காவது அலர்ஜி இருக்கா?" என்றார் டாக்டர். சின்ன வயதில் ஏதோ ஊசிக்கு உடம்பெல்லாம் தடித்தது என்பது மட்டும் ஞாபகம். அம்மாவுக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. முழித்துக்கொண்டு நின்றேன். (பெண், 22, வேளச்சேரி)

நீயாவது முழித்துக்கொண்டு நின்றாயம்மா. ஒரு ராத்திரி பைக்கில் விழுந்த பையனைக் கொண்டுவந்தார்கள், நினைவில்லை. கூட வந்த ரூம்மேட்டுக்கு அவன் முழுப்பெயரே தெரியாது. போன் லாக். விடியற்காலை அவன் அப்பா கூப்பிட்ட பிறகுதான் அவனுக்கு வலிப்பு இருப்பதும், தினம் மாத்திரை சாப்பிடுவதும் எங்களுக்குத் தெரிந்தது.

உன் உடம்பின் வரலாறு முழுக்க அம்மா பீரோவில், ஒரு மஞ்சப்பையில் இருக்கும். தடுப்பூசி அட்டை, பழைய சீட்டு, மடித்து மடித்துக் கிழிந்த டிஸ்சார்ஜ் சம்மரி. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அதைக் கொட்டி, அம்மாவை வைத்துக்கொண்டே எழுது. எந்த ஊசி என்று அவருக்கும் நினைவில்லையா? எந்த வருடம், எந்த ஆஸ்பத்திரி, போட்ட எவ்வளவு நேரத்தில் தடித்தது, மூச்சு வாங்கியதா என்று கேள். டாக்டருக்கு அதுவே பெரிய உதவி. அதுவரை "பேர் தெரியாத ஊசிக்கு ஒரு தடவை தடித்தது" என்றே எங்கு போனாலும் சொல். அப்பாவுக்குச் சர்க்கரை எத்தனை வயதில் வந்தது, வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு உண்டா, இதையும் குறித்துக்கொள்.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்து போனில் வை. அப்புறம் லாக்கைத் திறக்காமலே பார்க்கும்படி அவசரத் தகவல் போட போன் செட்டிங்ஸில் இடம் இருக்கிறது. ரத்த வகை, அலர்ஜி, தினசரி மாத்திரை, இரண்டு போன் நம்பர். ஐந்து நிமிட வேலை.

மெடிக்கல் ஷாப்பில் சொன்னாலே மாத்திரை தருகிறார்கள். டாக்டர் பீஸ் 400 ரூபாய் மிச்சம். தப்பா? (ஆண், 23, கோவை)

தலைவலிக்குப் பாராசிட்டமால் வாங்குவது தப்பில்லை. 650 மில்லிகிராம் என்றால் ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு, நாளைக்கு நாலுக்கு மேல் போகாமல். சளி மாத்திரை பலவற்றிலும் அதே பாராசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எனக்குப் பயம் அந்தச் சின்னக் காகிதக் கவர்தான். காலைக்கு மூன்று, ராத்திரிக்கு மூன்று என்று பட்டையிலிருந்து கத்தரித்துப் போட்டுத் தருவார்கள். பெயரும் இருக்காது, எக்ஸ்பைரி தேதியும் இருக்காது. நாளை உடம்பு தடித்தால் எதனால் என்று யாரைக் கேட்பீர்கள்? பட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். ஆன்டிபயாடிக் எல்லாம் அந்த வகைதான். டெங்கு சீசனில் காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள், ரத்தக்கசிவு அதிகமாகலாம். இந்த இடத்தில் 400 ரூபாயை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சம்பளம் 17,500. மாதம் 132 ரூபாய் ஈஎஸ்ஐ என்று பிடிக்கிறார்கள். வெட்டிச் செலவுதானே? (ஆண், 21, ஸ்ரீபெரும்புதூர்)

தம்பி, உனக்குக் கிடைத்திருப்பதில் நல்ல விஷயமே அதுதான். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இது. நீ கட்டுவது 0.75 சதவீதம், கம்பெனி 3.25 சதவீதம். வெளிநோயாளி சிகிச்சை, மருந்து, அட்மிஷன் எல்லாம் இதில் அடக்கம். உன்னை நம்பியிருக்கும் பெற்றோரையும் சேர்க்கலாம். ஹெச்ஆரிடம் ஈஎஸ்ஐ நம்பரையும் இ-பெஹ்சான் என்ற ஈஎஸ்ஐ அடையாள அட்டையையும் கேட்டு வாங்கு. உன் ரூமுக்குப் பக்கத்து டிஸ்பென்சரியைப் பதிந்துகொள். கூட்டம் இருக்கும், சலிப்பும் வரும். இருந்தாலும் எலும்பு முறிந்து ஆபரேஷன் என்று வரும்போது அந்த 132 ரூபாய் பேசும்.

ஐடி கம்பெனியில் 3 லட்சத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. தனியாக எடுக்க வேண்டுமா? (பெண், 24, சென்னை)

எடுங்கள். வேலையை விட்டால் கம்பெனி பாலிசியும் கூடவே போய்விடும். சொந்தப் பாலிசியில் முதல் 30 நாள் விபத்து தவிர மற்றதற்குப் பணம் வராது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். உடம்பு நன்றாக இருக்கும்போதே அந்தக் கணக்கை ஓடவிடுவது நல்லது. தைராய்டு, வீஸிங் எதையும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்.

பில்லிங் கவுண்டரில் நான் அதிகம் கண்ணீர் பார்த்தது ரூம் வாடகை விஷயத்தில். பாலிசியில் நாளுக்கு 3,000 என்று வரம்பு, எடுத்தது 6,000 ரூபாய் ரூம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 3,000 தானே கைக்காசு என்று நினைப்பீர்கள். இல்லை. டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியை வெட்டிவிடலாம். அட்மிஷன் போடும்போதே "என் பாலிசிக்கு எந்த ரூம்?" என்று கேளுங்கள்.

பீரியட்ஸ் பிரச்சினைக்கு லேடி டாக்டரிடம் போனால் முதல் கேள்வியே "கல்யாணம் ஆயிடுச்சா?" பதில் சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம். (பெண், 23, மதுரை)

அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்பதுதான் அது. எக்ஸ்ரேயும் சில மாத்திரைகளும் அதைப் பொறுத்தவை. "கல்யாணம் ஆகலை, ஆனா வாய்ப்பு இருக்கு" என்றோ "வாய்ப்பே இல்லை" என்றோ நேராகச் சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தால் அடுத்த தடவை வேறு டாக்டர்.

18 முடிந்துவிட்டால் கையெழுத்து உங்களுடையது, ரகசியமும் உங்களுடையது. ஆனால் விஷயம் வெளியே போவது டாக்டர் வாயால் அல்ல, பெரும்பாலும் மெசேஜில். பழைய ஃபைலில் அப்பா நம்பர் இருந்தால் "ரிப்போர்ட் ரெடி" என்று அவருக்குத்தான் போகும். அப்பா பாலிசியில் கிளெய்ம் போட்டாலும் அப்படித்தான். ரிசப்ஷனிலேயே நம்பரை மாற்றச் சொல்லுங்கள்.

ராத்திரி தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை. சைக்கியாட்ரிஸ்ட்டைப் பார்த்தால் ஆபீசுக்குத் தெரியுமா? (ஆண், 25)

உங்கள் சம்மதம் இல்லாமல் டாக்டர் ஆபீசுக்குச் சொல்லக் கூடாது, 2017 மனநலச் சட்டமே ரகசியத்தைக் காக்கிறது. யாரிடம் போவது என்று தெரியவில்லை என்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ். இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியும் எடுப்பார்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இப்போதே கூப்பிடுங்கள். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

"ஃபுல் பாடி செக்கப் 999" விளம்பரம் வருகிறது. எடுக்கலாமா? (ஆண், 22)

தொந்தரவு எதுவும் இல்லையென்றால் வேண்டாம். எழுபது டெஸ்ட்டில் ஒன்று லேசாகக் கூடிக் குறைந்திருக்கும், அதைக் கூகுளில் தேடித் தூக்கம் போகும். பிபி பாருங்கள். வீட்டில் சர்க்கரை உண்டென்றால் அதையும். பெண்கள் ஹீமோகுளோபின். போதும்.

என் பையனுக்கு 19. டாக்டர் ரூமுக்குள் நானும் போய்ப் பேசுவதுதான் வழக்கம். வர வேண்டாம் என்கிறான். (ஒரு அம்மா, திருச்சி)

வெளியே பெஞ்சில் உட்காருங்கள் அக்கா. உள்ளே அவன் இரண்டு விஷயம் மறந்துதான் போவான். பரவாயில்லை, அடுத்த தடவை கேட்டுக்கொள்வான். அந்த மஞ்சப்பையை மட்டும் அவன் கையில் கொடுத்து அனுப்புங்கள்.