கேளுங்கள் டீச்சர்: உப்பு, கத்தி, ஐந்து முனை நட்சத்திரம்

விக்கா என்பது இங்கிலாந்திலிருந்து பரவிய, சூனியம் என்று பலர் பயப்படும் ஒரு புதிய மதம். அது பேய் வழிபாடா என்று கேட்ட ஒரு மாணவிக்குப் போன இதழில், "விக்கா பேய் வழிபாடு இல்லை" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி போதவில்லை என்று வந்த கடிதங்கள் சொல்கின்றன. இந்த மாதம் மற்ற கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

டீச்சர், என் மகள் ஈப்போவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கூட்டப் போனபோது பார்த்தேன்: தட்டில் உப்பு, கிண்ணத்தில் தண்ணீர், கறுப்புப் பிடி போட்ட கத்தி, பாதி எரிந்த பச்சை மெழுகுவத்தி, நட்சத்திரம் வரைந்த மரத்தட்டு, தரையில் சாக்குக் கட்டியால் ஒரு வட்டம். பக்கத்து வீட்டு அக்கா இது சாத்தான் வேலை, சாமியாடியிடம் கூட்டிப்போ என்கிறார். தூக்கமே வரவில்லை. — ஒரு தாய், சுங்கை சிப்புட்

சகோதரி, சாமியாடியிடம் கூட்டிப்போவதை முதலில் நிறுத்திவையுங்கள். நீங்கள் பார்த்த ஒவ்வொரு பொருளும் என்ன என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

தரையில் இருக்கும் வட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. விக்காக்காரர்களுக்குக் கோயில் கட்டடம் கிடையாது. சடங்கு செய்யும்போது மட்டும் வட்டம் போட்டு அந்த இடத்தைப் புனிதமாக்குவார்கள், முடிந்ததும் கலைத்துவிடுவார்கள். பழைய முறைப்படி குறுக்களவு 9 அடி; உங்கள் மகளின் அறையில் அவ்வளவு இடம் இருக்காது, பரவாயில்லை. உப்பைத் தண்ணீரில் கலந்து வட்டத்தைச் சுற்றித் தெளிப்பார்கள். அப்புறம் சாம்பிராணியோ ஊதுபத்தியோ காட்டிச் சுற்றி வருவார்கள். உப்பு மண்ணுக்கு, கிண்ணம் நீருக்கு, புகை காற்றுக்கு, சுடர் நெருப்புக்கு. நட்சத்திரத்தின் நான்கு முனைகள் இந்த நான்கு பூதங்களைக் குறிக்கும், மேல்நோக்கிய ஐந்தாவது முனை ஆவியை, உயிரைக் குறிக்கும். பஞ்சபூதம் என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது புரியாத கணக்கு இல்லை. நம்முடைய ஐந்தாவது ஆகாயம், அவர்களுடையது உயிர், வித்தியாசம் அவ்வளவுதான். இந்த நட்சத்திரத்தை இயேசுவின் ஐந்து காயங்களுக்கு அடையாளமாக இடைக்கால ஐரோப்பியக் கிறிஸ்தவர்களே வைத்திருந்தார்கள் என்பதையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லுங்கள்.

கத்திதான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கும். அதன் பெயர் அதாமே. கையில் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் முனை மழுங்கித்தான் இருக்கும். அதால் எதையும் வெட்டக் கூடாது என்பது விதி. காற்றில் வட்டம் வரையவும் திசைகளை அழைக்கவும் மட்டும்தான். மூலிகை நறுக்க, கயிறு அறுக்க வெள்ளைப் பிடி போட்ட இன்னொரு கத்தி தனியாக வைத்திருப்பார்கள். நம் முனியாண்டி கோயில் வாசலில் நட்டிருக்கும் அரிவாளைப் பிடுங்கி யாராவது லாலான் புல் வெட்டுவார்களா? அது காவலின் அடையாளம். இதுவும் அப்படித்தான்.

சாத்தான் என்பவன் கிறிஸ்தவ இறையியலில் வருபவன். விக்காவில் அவனுக்கு இடமே இல்லை. அங்கே ஒரு தேவி, அவளுக்கு இணையாகக் கொம்புள்ள ஒரு தேவன். அந்தக் கொம்பு காட்டு மானின் கொம்பு.

பச்சை மெழுகுவத்தி என்று எழுதியிருக்கிறீர்கள். பச்சையைப் பலர் வளர்ச்சிக்கும் வருமானத்துக்கும் வைக்கிறார்கள். மெழுகில் ஆணியால் ஒரு சொல்லைக் கீறி, எண்ணெய் தடவி, அந்தச் சொல்லை மனத்தில் நிறுத்திக்கொண்டு எரியவிடுவது வழக்கம். புது வேலையில் நிரந்தரமாக வேண்டும் என்று பிள்ளை வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவளிடமே கேளுங்கள். கதவைத் தட்டி, "நானும் கொஞ்ச நேரம் உட்காரலாமா?" என்று கேளுங்கள். சடங்கின் கடைசியில் ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிட்டு ஏதாவது குடிப்பார்கள், மனம் தரைக்கு இறங்கி வர வேண்டும் என்பதற்காக. அந்த நேரத்தில் தேநீரோடு போனால் இன்னும் நல்லது.

ஒரே ஒரு கண்டிப்பு. பழைய பலகை வீடாக இருந்தால், மெழுகுவத்தியை எரியவிட்டுத் தூங்கக் கூடாது, வெளியே போகக் கூடாது. அதை மட்டும் அம்மாவாக உறுதியாகச் சொல்லுங்கள்.

விக்கா பல்லாயிரம் வருடப் பழைமையானது, ஒன்பது மில்லியன் சூனியக்காரிகளை எரித்துக் கொன்றார்கள் என்று இணையத்தில் படித்தேன். உண்மையா? — படிவம் 6 மாணவர், கோலகங்சார்

இரண்டும் தவறு தம்பி. ஐரோப்பாவில் சூனியக்காரர்கள் என்று கொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய 40,000 முதல் 60,000 பேர் என்பதே இன்றைய வரலாற்று ஆய்வாளர்களின் கணக்கு. அதுவே நெஞ்சை அடைக்கும் எண்ணிக்கை, அதைப் பெருக்கிக் காட்டத் தேவையில்லை. அவர்கள் விக்காக்காரர்களும் இல்லை. பெரும்பாலோர் சாதாரணக் கிறிஸ்தவக் கிராமத்தார்கள், அக்கம்பக்கத்தார் பழி சுமத்தியதால் மாட்டிக்கொண்டவர்கள். அந்த மக்களிடம் ஒரு பழைய மதம் ரகசியமாக உயிரோடு இருந்தது என்று மார்கரெட் மர்ரே என்ற ஆய்வாளர் 1921-ல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை.

விக்கா நம் தாத்தா காலத்தில் பிறந்தது. அதை உலகத்துக்குக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? நம் பேராக்கில் ரப்பர் நட்ட ஒரு வெள்ளைக்காரர்!

ஜெரால்டு கார்ட்னர் 1884-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. பதின்ம வயதில் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை கற்றார். அப்புறம் போர்னியோ. 1911-ல் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு உதவி நிர்வாகியாக வந்தார். நம் பாட்டன்மார் அப்படிப்பட்டவரைச் 'சின்ன துரை' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தமாகவும் நிலம் வாங்கி ரப்பர் நட்டார். பிறகு ஜொகூரில் அரசாங்க வேலை, ரப்பர் தோட்டங்களைப் பரிசோதிப்பதும் சுங்கத் துறையும். 1936-ல் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். அதே ஆண்டு கெரிஸ் முதலான மலாய் ஆயுதங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் சிங்கப்பூரில் வெளிவந்தது. கத்திகள் மீது அவருக்குத் தீராத ஆசை.

1939-ல் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு ரகசியக் குழு தனக்குத் தீட்சை கொடுத்ததாக அவர் சொன்னார். பழைய சூனியச் சட்டத்தை இங்கிலாந்து 1951-ல் நீக்கியது. 1954-ல் அவர் இந்த மதத்தைப் பற்றிய தன் நூலை வெளிப்படையாகவே கொண்டுவந்தார். அவருடைய சடங்குகளில் சாலமோன் பெயரில் வழங்கும் பழைய மந்திர ஏடு இருக்கிறது, ஃப்ரீமேசன் சங்கத்தின் படிப்படியான தீட்சை இருக்கிறது, அலிஸ்டர் குரோலி என்ற ஆங்கில மந்திரவாதியின் வரிகள் இருக்கின்றன. நம் தோட்டக் கோயிலைப் பார்த்துத்தான் அவர் இதையெல்லாம் உண்டாக்கினார் என்று யாரும் கதை கட்டிவிடாதீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் பால்மரத் தோட்டத்தில் நடந்த கால்கள்தான் அந்த வட்டத்தையும் சுற்றி வந்தன என்பது, பால் வெட்டிய ஒரு தாயின் மகளான எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.

இதெல்லாம் வேலை செய்யுமா, செய்யாதா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள். — ஓய்வுபெற்ற கிராணி, பீடோர்

ஒரு வார்த்தையில் முடியாது ஐயா. ஜேம்ஸ் ஃபிரேசர் என்ற மானிடவியல் அறிஞர் மந்திரத்தை இரண்டு விதியாகப் பிரித்தார். போலச் செய்தால் அதுபோல நடக்கும் என்பது ஒன்று. ஒருமுறை தொட்டுக்கொண்டிருந்தவை பிரிந்த பிறகும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பது இன்னொன்று. துணிப் பொம்மை முதல் விதி, தலைமுடியும் நகமும் இரண்டாவது விதி. உலகத்தில் எந்த ஊர் மந்திரத்தை எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்று இருக்கும் என்பது அவர் வாதம்.

விக்காக்காரர்களிலேயே இரண்டு கட்சி உண்டு. கூட்டமாக ஆடிப் பாடி எழுப்பும் சக்தி கூம்பு வடிவில் உயர்ந்து நினைத்த இடத்துக்குப் போய்ச் சேரும் என்று நம்புகிறவர்கள் உண்டு. சடங்கு நம் அடிமனத்தோடு பேசுகிறது, வேறெதையும் அசைப்பதில்லை என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம் நிற்கிறேன். மெழுகில் 'வேலை' என்று கீறிய பெண் மறுநாள் விண்ணப்பம் எழுதினாளா என்று பாருங்கள். எழுதியிருந்தால் மந்திரம் தன் வேலையைச் செய்துவிட்டது. எழுதாமல் இன்னொரு மெழுகுவத்தி வாங்கப் போனால், அது கடைக்காரருக்குத்தான் லாபம். நோய் என்றால் முதலில் கிளினிக்.

நான் விரும்புகிறவர் என்னைத் திரும்பிப் பார்க்க, விக்கா முறைப்படி வசியம் செய்துதர ஒருவர் 350 வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா? — பெயர் வேண்டாம், தஞ்சோங் மாலிம்

கொடுக்காதே மகளே. "யாருக்கும் தீங்கில்லை என்றால், விரும்பியதைச் செய்" என்பது விக்காவின் அடிப்படை நெறி. 1964-ல், கார்ட்னர் குழுவில் பூசாரியாக இருந்த டோரீன் வேலியன்டி என்ற பெண் ஒரு விருந்துப் பேச்சில் இதைப் பொதுவில் சொன்னார். இன்னொருவர் மனத்தை அவர் அறியாமல் கட்டுவது தீங்குதான் என்று பெரும்பாலான விக்காக்காரர்கள் நினைக்கிறார்கள். செய்தது மூன்று மடங்காகத் திரும்பும் என்ற நம்பிக்கையும் அவர்களில் பலருக்கு உண்டு. எனக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அந்தப் பையனுக்கு வேண்டாம் என்று சொல்ல உரிமை இருக்கிறது, அது போதும். பணம் கேட்டவருக்கு விக்காவும் தெரியாது, வசியமும் தெரியாது.

நான் தனியாக விக்கா பழகுகிறேன். புத்தகங்களில் பனிக்காலம், வசந்தம் என்று எட்டுப் பண்டிகை சொல்கிறார்கள். நமக்கு வெயிலும் மழையும்தானே? ஜூன் மாதம் சூரிய விழா கொண்டாடுவது பொய்யாகத் தோன்றுகிறது. — ஒரு வாசகி, தெலுக் இந்தான்

எனக்கு வந்த கடிதங்களில் மிகவும் பிடித்தது இதுதான் தங்கச்சி. எங்கேயோ அச்சடித்த நாள்காட்டியைப் பார்க்காமல், உன் தலைக்கு மேல் இருப்பதைப் பார்த்திருக்கிறாய்.

எட்டுப் பண்டிகையும் சூரியனும் பயிரும் சேர்ந்த கணக்கு. அக்டோபர் 31 இறந்தோரை நினைக்கும் சவ்வின், டிசம்பரில் நீண்ட இரவான யூல், மே 1-ல் பெல்டேன், இப்படிப் போகும். லண்டனில் ஜூன் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும், டிசம்பர் பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. சூரியன் செத்துப் பிழைப்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். பேராக்கில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் பண்டிகைகளை ஆறு மாதம் தள்ளிவைத்துச் சமாளித்துக்கொள்கிறார்கள். நாம் எங்கே தள்ளுவது?

திசைகளும் அப்படியே. தெற்கு நெருப்பு, வடக்கு மண் என்று புத்தகம் சொல்லும். இங்கிலாந்தில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான் நிற்கும், வடக்குப் பக்கம் போகவே போகாது. அங்கே அது பொருந்துகிறது. நமக்கு ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கே நிற்கும். ஆனால் ஏப்ரல் தொடக்கத்தில் ஒருமுறை, செப்டம்பரில் 10-ஆம் தேதியை ஒட்டி ஒருமுறை, நம் வட்டாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஒரு மணி பதினைந்து வாக்கில் திடலில் நின்று பார், உன் நிழல் உன் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். சூரிய விழா வேண்டும் என்றால் அந்த இரண்டு நாளையும் வைத்துக்கொள். லண்டனில் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது.

நமக்கும் இலையுதிர் காலம் உண்டு, ரப்பருக்கு. ஆண்டின் தொடக்கத்தில் வறட்சி வந்ததும் இலை செம்பு நிறமாகி, காற்றடித்தால் கொத்துக் கொத்தாகக் கொட்டும். நிரையில் நடந்தால் கால் பட்ட இடமெல்லாம் சரசரக்கும். எப்போதும் இருட்டாகக் கிடக்கும் தோட்டத்துக்குள் திடீரென்று வானம் தெரியும். பால் குறையும், கோப்பையின் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். கையில் காசும் குறையும். அம்மா அந்த மாதங்களில் கடைக்காரரிடம் கணக்குப் புத்தகத்தை நீட்டுவதற்கே தயங்குவார். பிறகு பளபளவென்று தளிர், பூ, சில மாதம் கழித்துக் கொட்டை வெடிக்கும் சத்தம். இறப்பும் பிறப்பும் இதில் முழுதாக இருக்கின்றன. இன்று உன் ஊரைச் சுற்றிச் செம்பனைதான் அதிகம், அது ஆண்டு முழுவதும் குலை தள்ளும். இருந்தாலும் தேடினால் எங்காவது ஒரு ரப்பர் நிரை மிஞ்சியிருக்கும்.

நிலாவில் உனக்குச் சிக்கலே இல்லை. வளர்பிறையில் வளர வேண்டியதை, தேய்பிறையில் விலக வேண்டியதை, பௌர்ணமியில் வழிபாட்டை வைத்துக்கொள்கிறார்கள். கன்னி, தாய், மூதாட்டி என்று தேவியின் மூன்று முகங்களும் அந்தப் பிறைகள்தான். உன் பாட்டிக்கும் இது தெரிந்த கணக்கு.

'நிழல் புத்தகம்' என்று சடங்குகளை எழுதிவைக்கச் சொல்கிறார்கள். தமிழில் எழுதலாமா, ஆங்கில மந்திரத்தை மாற்றினால் குற்றமா? — ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

தாராளமாக எழுதுங்கள். கார்ட்னர் வைத்திருந்த புத்தகத்தில் குரோலியின் வரிகள் அதிகம் கலந்திருப்பதைக் கண்டு, வேலியன்டி அவரிடமே சொல்லி, பல பகுதிகளைத் தானே புதிதாக எழுதினார். இன்று உலகமெங்கும் விக்காக்காரர்கள் சொல்லும் தேவியின் உரை பெரும்பாலும் அந்தப் பெண்ணின் கை எழுதியது. மாற்றி எழுதுவது அந்த வழியின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

நோட்டுப் புத்தகம் எதுவானாலும் சரி. தேதி, பிறை, என்ன கேட்டீர்கள், என்ன செய்தீர்கள், அப்புறம் என்ன நடந்தது என்று எழுதுங்கள். நடக்காமல் போனதையும் விடாமல் எழுதுங்கள்.