கற்கொட்டகை வீடாகும்போது

கேள்வி: கால்நடைகளைக் கட்டியிருந்த பழைய கற்கொட்டகை ஒன்றை வாங்கி, குழந்தைகளுடன் குடியிருக்கும் வீடாக மாற்ற எண்ணியிருக்கிறோம். சுவர்களின் அடிப்பகுதியில் ஓதம் தெரிகிறது. உள்ளும் புறமும் சிமெண்ட் பூசிவிட்டால் அது நின்றுவிடும் என்றும், மாடியில் தலை இடிக்காதிருக்கக் கூரையின் குறுக்கு விட்டங்களை அறுத்துவிடலாம் என்றும் ஒப்பந்தக்காரர் கூறுகிறார். அவ்வாறு செய்யலாமா?

பதில்: அருள்கூர்ந்து இரண்டையும் நிறுத்தி வையுங்கள்.

இத்தகைய சுவர்கள் பெரும்பாலும் அரை மீட்டரோ அதற்கு மேலோ தடிமன் கொண்டவை. இருபுறமும் முகக்கற்களை அடுக்கி, நடுவே சிறுகற்களும் மண்ணும் சுண்ணாம்புக் கலவையும் இட்டு நிரப்பியிருப்பார்கள். மழையாலும் நிலத்தாலும் உட்புகும் ஈரம் கல்லிடுக்கிலுள்ள சுண்ணாம்பின் வழியாகவே காற்றில் கலந்து வெளியேறுகிறது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் சுவருக்குள்ளேயே தங்கி மேலேறும்; அல்லது கல்லின் வழியாக வெளிவர முயலும்போது, அதில் கரைந்திருக்கும் உப்பு கல்லின் நுண்துளைகளில் படிகமாகி, மென்மையான கல்லாயின் அதன் முகத்தையே பொரிந்து உதிரச் செய்யும். சுவர் வெளிப்பார்வைக்குச் சில காலம் உலர்ந்ததாகத் தோன்றுவதுதான் இதில் மிகவும் வருந்தத்தக்கது.

உங்கள் கட்டடத்தில் கால்நடைகள் இருந்தமையால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாணத்திலும் சிறுநீரிலும் இருந்து உருவான நைட்ரேட் உப்புகள் கற்களில் ஊறியிருக்கக்கூடும். அவை காற்றின் ஈரத்தையே இழுத்துக்கொள்வதால், ஓதத்தின் மூலத்தை முழுவதும் அடைத்த பிறகும் அந்த இடங்களில் கறை தோன்றலாம். அங்கே முதலில் சுண்ணாம்புப் பூச்சு இட்டு, அது உப்பை உறிஞ்சிய பின் பெயர்த்தெடுத்துவிட்டு மறுபடி பூசுவது நல்ல முறை.

எனினும் பூச்சுக்கு முன்னால் நீரின் வழியைத் தேடுங்கள். கூரை ஒழுகல், உடைந்த மழைநீர்க் குழாய், உள்தரையைவிட உயர்ந்துவிட்ட வெளிமண் ஆகியவையே பெரும்பாலான ஓதத்திற்குக் காரணம். வெளிமண்ணைத் தாழ்த்தி, சரளைக்கல் நிரப்பிய வடிகால் அமைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். ஆனால் அஸ்திவாரம் ஆழமில்லாதிருக்கலாம் என்பதால், ஓரிடத்தில் சிறு குழி தோண்டி அதன் அடிமட்டத்தை அறியாமல், உள்தரையையோ சுவரோரத்தையோ தோண்டத் தொடங்காதீர்கள்.

குறுக்கு விட்டங்களைப் பொறுத்தவரை என் பதில் இன்னும் உறுதியானது. கூரையின் எடை கைமரங்களைச் சரியவைத்து இரு சுவர்களையும் வெளிப்புறம் தள்ளுகிறது. அவற்றை இழுத்துப் பிடித்திருப்பவை அந்த விட்டங்களே. வேறு தாங்குமுறையைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டு வடிவமைத்து, அது பொருத்தப்படும் வரை ஒன்றைக்கூட அறுக்கக் கூடாது. சுவருக்குள் புதைந்திருக்கும் விட்ட முனைகளில்தான் மரம் முதலில் உளுத்துப்போகும் என்பதால், அவற்றைக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டட அனுமதியை உள்ளாட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறியுங்கள். கொட்டகையில் வௌவால்களோ ஆந்தைகளோ குடியிருந்தால், பல நாடுகளில் அவற்றைக் கலைப்பது சட்டப்படி குற்றம்.

உள்ளே வெப்பக்காப்பு தேவையெனில், ஈரத்தைக் கடத்தும் மரநார்ப் பலகையோ சணல்தண்டுச் சக்கை கலந்த சுண்ணாம்போ பொருந்தும். கூரையும் வடிகாலும் சீரான பிறகு, இயன்றால் ஒரு பருவச் சுழற்சி முழுவதும் சுவர்களைக் காற்றாட உலரவிட்டு, அதன் பின்னரே உட்பூச்சைத் தொடங்குங்கள்.