முக்கால் ஹெக்டேர் நிலத்துக்கு எந்தக் கருவி? – கேள்வி பதில்

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 2015-16 கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர்தான். அந்த அளவை மனத்தில் வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: இரண்டு ஏக்கர் நெல்லுக்கு மண் ஈரம் காட்டும் சென்சார் வாங்கலாமா, ஐயா?

பதில்: நெல்லுக்கு வேண்டாம். 30 செ.மீ. பி.வி.சி. குழாயின் அடிப்பகுதியில் துளைகள் இட்டு, 20 செ.மீ. மண்ணுக்குள் இருக்குமாறு ஊன்றி, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிடுங்கள். குழாய்க்குள் நீர்மட்டம் மண்பரப்பிலிருந்து 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் வயலில் நீர் நிற்க வேண்டும். மிச்சமாகும் பணத்தில் மோட்டாருக்குச் செல்போன் ஸ்டார்ட்டர் பொருத்துங்கள். நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வரும்போது பாம்புக்கு அஞ்சி வரப்பில் நடக்க வேண்டியதில்லை. பட்டன் போன் இருந்தாலே அது இயங்கும்.

கேள்வி: ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் ஆலோசனை பெற வழி உண்டா?

பதில்: உண்டு. 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்தில் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம்.

கேள்வி: எங்கள் மகளிர் குழு ட்ரோன் வாங்கலாமா?

பதில்: முதலில் ஒரு பருவம் வாடகைக்கு எடுத்துத் தெளித்துப் பாருங்கள். ஆண்டில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்பது அப்போது தெரியும்.

மறுப்பு: ஆள் கிடைக்காத ஊரில் ட்ரோனை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறீர்கள்?

பதில்: ஆள் பற்றாக்குறை உண்மை, மருந்தை முதுகில் சுமப்பவரின் உடல்நலம் காக்கப்படுவதும் உண்மை. ஆனால் கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு ஏறத்தாழ 200 லிட்டர் கரைசல் செல்லும் இடத்தில் ட்ரோனில் 10 லிட்டர்தான் செல்கிறது என்பதால், ஒவ்வொரு துளியிலும் மருந்தின் செறிவு பல மடங்கு கூடுகிறது. அரை ஏக்கர் துண்டு வயலில் காற்று சற்றுத் திரும்பினால், உங்கள் நெல்லுக்கு அடித்த 2,4-டி களைக்கொல்லி பக்கத்து வயல் பருத்தியின் இலையைச் சுருட்டிவிடும். பக்கத்து வயல்காரரும் சிறு விவசாயிதான். காற்று அடங்கிய காலையில், அவரிடம் சொல்லிவிட்டுத் தெளிப்பவரானால் எனக்கு மறுப்பில்லை.

கேள்வி: மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பி.எம். கிசான் உதவித்தொகைத் தவணைக்கு வாட்ஸ்அப்பில் வந்த செயலியைப் பதிவிறக்கலாமா?

பதில்: இன்று நான்காவது முறையாக இதே கேள்வி. கூடாது. ஓ.டி.பி.யையும் எவரிடமும் சொல்லாதீர்கள்.

கேள்வி: குத்தகை நிலத்தில் பயிரிடுகிறேன், எனக்கு அந்தத் தவணை கிடைக்குமா?

பதில்: கிடைக்காது, அது நிலம் யார் பெயரில் உள்ளதோ அவருக்கே. உழுபவரைப் பதிவேடு காணாத வரை எந்தச் செயலியாலும் அவருக்குப் பயனில்லை என்பதை ஒவ்வொரு குறைதீர் கூட்டத்திலும் நான் எழுதிக் கொடுக்கிறேன்; நீங்களும் கொடுங்கள்.