நரம்பு அல்ல, ரத்தக்குழாய்: வாஸ்குலைட்டிஸ் கேள்வி பதில்

நான் மூட்டு, வாத நோய் மருத்துவர். ரத்தக்குழாய் அழற்சி பற்றி வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, சொந்த ரத்தக்குழாயின் சுவரையே தாக்குவதுதான் வாஸ்குலைட்டிஸ். சுவர் தடித்தால் வழி அடைபடும். நைந்தால் புடைக்கும், கசியும். குழாய் எந்த உறுப்புக்குப் போகிறதோ அந்த உறுப்பு கெடும்.

திருப்பூர் அம்மா: 7 வயது மகனுக்குச் சளி பிடித்து விட்டபின் இரண்டு காலிலும் சிவப்புப் புள்ளிகள். கணுக்காலும் வயிறும் வலிக்கிறது என்கிறான். பக்கத்து வீட்டில் வேர்க்குரு என்கிறார்கள்.

ஒரு கண்ணாடி டம்ளரைப் புள்ளிமேல் அழுத்திப் பாருங்கள் அம்மா. சாதாரணச் சிவப்பு வெளுத்துவிடும். ரத்தம் குழாயை விட்டுத் தோலுக்குள் கசிந்திருந்தால் வெளுக்காது. விரலால் தடவினால் சின்ன மேடாகவும் தட்டுப்படும். முதலில் பிளேட்லெட் எண்ணிக்கை பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால், ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் சிறு ரத்தக்குழாய்களில் படிந்து வரும் ஐஜிஏ வாஸ்குலைட்டிஸாக இருக்கலாம். நாளைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வயிறு சுருட்டிப் பிடித்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, காய்ச்சலோடு பையன் துவண்டாலோ நாளை வரை பொறுக்க வேண்டாம்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு மாதத்தில் தானே அடங்கிவிடும். ஆனால் புள்ளி மறைந்ததோடு விட்டுவிடாதீர்கள். முதல் மாதம் வாராவாரம், அப்புறம் 6 மாதம் முடியும் வரை மாதாமாதம் சிறுநீர்ப் பரிசோதனை. சிறுநீரகம் வலிக்காமலே கெடும்.

ஒரு வாசகர்: காலில் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரிகிறது. இதுதானா?

இல்லை. நம் பேச்சில் நரம்பையும் ரத்தக்குழாயையும் சேர்த்தே 'நரம்பு' என்கிறோம், அதில் வரும் குழப்பம் இது. உங்களுடையது வெரிகோஸ் வெயின்; அதற்கு ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் இருக்கிறார்.

சேலம், மகள்: அப்பாவுக்கு 52 வயது. மூக்கில் ஓயாமல் பொருக்கும் ரத்தமும். நுரையீரலில் குழி இருப்பதாகச் சொல்லி 5 மாதமாகக் காசநோய் மாத்திரை. சளியில் கிருமி ஒரு தடவைகூடத் தெரியவில்லை. இப்போது கால் வீக்கம்.

உங்கள் கேள்வியைத்தான் இரண்டு முறை படித்தேன். நம் நாட்டில் நுரையீரலில் குழி என்றால் முதலில் காசநோயை நினைப்பது சரிதான். ஆனால் கிருமி சிக்கவில்லை, மருந்து கேட்கவில்லை, மூக்கும் சேர்ந்துகொண்டது, இப்போது காலும் வீங்குகிறது; சிறுநீரகம் கெட்டாலும் கால் வீங்கும். மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் மூன்றும் ஒன்றாகக் கெட்டால் ஜிபிஏ என்ற வாஸ்குலைட்டிஸ் வகையைத் தேடியே ஆக வேண்டும். இன்றே சிறுநீரும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பாருங்கள். சிறுநீரில் சிவப்பணுவும் புரதமும் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. கூடவே, சொந்த வெள்ளணுவையே குறிவைக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஆன்கா ரத்தப் பரிசோதனை, மார்பு சிடி. முடிந்தால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி, ஊர்ஜிதம் செய்ய அதற்கு இணை இல்லை. காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பயப்படாதீர்கள். மருந்தில்லாத காலத்தில் இந்த நோய் வந்தவர்களில் 10க்கு 8 பேர் ஓராண்டைத் தாண்டவில்லை. கொரோனா நேரத்தில் தொலைக்காட்சியில் பார்த்தோமே, அமெரிக்க மருத்துவர் ஆந்தனி ஃபௌசி, அவரும் சக மருத்துவர்களும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடையும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்து, 85 நோயாளிகளில் 93 சதவீதம் பேருக்கு நோய் முழுதாக அடங்கியதாக 1983இல் எழுதினார்கள். 2010க்குப் பிறகு ரிட்டுக்ஸிமாப் ஊசியும் வந்துவிட்டது.

மதுரை, 24 வயதுப் பெண்: வலது கையில் பிரஷர் 148, இடது கையில் 104. மிஷின் கோளாறு என்றார்கள். துணி பிழிந்தால் இடது கை சோர்ந்துவிடுகிறது.

மிஷின் மேல் பழி போடுவதற்கு முன் இடது மணிக்கட்டில் நாடி பார்க்கச் சொல்லுங்கள் தங்கச்சி. மெலிந்தோ இல்லாமலோ இருந்தால் டகயாசு நோயாக இருக்கலாம். இளம்பெண்களுக்கு மகாதமனியிலும் அதன் கிளைகளிலும் வருவது. சிடி ஆஞ்சியோ எடுத்தால் தெரியும். இனி எப்போதும் பிரஷரை வலது கையில் பாருங்கள், இடது கை அளவு ஏமாற்றும். சிறுநீரையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு தந்தை: 3 வயது மகள். 6 நாளாகக் காய்ச்சல், பீளை இல்லாமல் கண் சிவப்பு, உதடு வெடிப்பு, நாக்கு ஸ்ட்ராபெரி போல.

இதைப் படித்ததும் கிளம்புங்கள். கவாசாகி நோயா என்று கேளுங்கள். காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றினால் இதயத் தமனி வீங்கும் ஆபத்து வெகுவாகக் குறையும்.

இன்னொருவர்: நரம்பு சுருட்டலுக்கு என்ன மாத்திரை?

மேலே சொல்லிவிட்டேன்.

கரூர் அன்பர்: ஸ்டீராய்டு கொடுத்தே ஆளைக் கெடுக்கிறீர்கள். என் மனைவிக்கு முகம் பூரித்துச் சர்க்கரையும் வந்துவிட்டது. போன வாரம் நானே நிறுத்திவிட்டேன்.

ஐயா, இன்றே மருத்துவரைப் பாருங்கள். சில வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு, சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துவிடும். திடீரென நிறுத்தினால் வெளி மருந்தும் இல்லை, உள் சுரப்பும் இல்லை. வாந்தி, தலைச்சுற்றல், பிரஷர் இறங்கி மயக்கம், உயிரே போகலாம்.

கரூர் அன்பர்: அப்போ கெடுதல் இல்லை என்கிறீர்களா?

இருக்கிறது. சர்க்கரை, எலும்புத் தேய்வு, கண்புரை, தொற்று எல்லாம் உண்மை. உங்கள் மனைவியின் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை.

ஈரோடு வாசகி: அவர் செய்ததை நானும் செய்தேன் சார். நாலாம் நாள் ஐசியூ.

கரூர் அன்பர்: எல்லோருக்கும் அப்படி ஆகுமா?

ஆகாது. யாருக்கு ஆகும் என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது, அதனால்தான் மன்றாடுகிறேன். குறைக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தில் தப்பில்லை. 2020இல் வெளியான பெக்ஸிவாஸ் ஆய்வில் கடுமையான ஆன்கா வாஸ்குலைட்டிஸ் (மேலே சொன்ன ஜிபிஏ அதில் ஒன்று) உள்ள 704 பேர் இருந்தார்கள். ஸ்டீராய்டை வேகமாகக் குறைத்தவர்களுக்கும் பலன் குறையவில்லை, முதல் வருடத்தில் கடும் தொற்றும் குறைவு. நானும் அதன்பின் அந்த நோயாளிகளுக்கு வேகமாகக் குறைக்கிறேன். ஆனால் படிப்படியாக, கூட வேறு மருந்து கொடுத்துக்கொண்டு.

கரூர் அன்பர்: சரி டாக்டர். சாயங்காலம் கூட்டிப் போகிறேன்.

அவருக்குச் சிறுநீரும் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றொருவர்: தொடையில் பச்சை நரம்பு…

வெரிகோஸ். இது மூன்றாவது முறை. தயவுசெய்து மேலே படியுங்கள்.

திருப்பூர் அம்மா: டாக்டர், டம்ளர் வைத்தேன், வெளுக்கவில்லை. லேப்பில் பிளேட்லெட் சரி என்றார்கள். யூரினில் புரதம் ஒரு பிளஸ்.

நல்லவேளை பார்த்தீர்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் புரத-கிரியாட்டினின் விகிதம் பார்க்கச் சொல்லுங்கள், பையனுக்குப் பிரஷரும் பார்க்க வேண்டும். இந்த வாரமே குழந்தைகள் சிறுநீரக மருத்துவரிடம் காட்டிவிட்டு, என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.